பட்டியலில் இல்லாத பெயர்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும் நாளில் எந்த அலுவலகத்திலும் ஒரு காட்சியைக் காணலாம். ஒருவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படிக்கிறார். ஏதோ ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டதைப் போல, மறுபடியும் மேலிருந்து படிக்கிறார். இரண்டாம் முறையும் தம் பெயர் இல்லை என்று தெரிந்தபின், முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கைக்குத் திரும்பி, கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்கிறார். அப்படி இரண்டாம் முறை படித்தவர்களில் நானும் ஒருவன். பின்னாளில் அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் குழுவிலும் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன் என்ற முறையிலேயே இன்று உங்களிடம் பேசுகிறேன்.

இந்த வலியைச் சிறிதாக்கிப் பேசுபவர்களே அதிகம். "வேலை இருக்கிறதே, சம்பளம் வருகிறதே, அப்புறம் என்ன?" என்பார்கள். சம்பள உயர்வு கிடைக்காததைவிட, கூட இருப்பவர்கள் நடுவில் நம் இடம் எது என்பது எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட்டுவிட்டதே நம்மை அதிகம் வாட்டுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சமூகவியலாளர் சாமுவேல் ஸ்டௌஃபரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் படைவீரர்களிடம் விரிவான ஆய்வு நடத்தினார்கள். 1949இல் வெளிவந்த அந்த ஆய்வில் வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது: பதவி உயர்வு அரிதாகவே கிடைத்த இராணுவக் காவல் பிரிவினரைவிட, அது எளிதாகக் கிடைத்துவந்த விமானப் படைப் பிரிவினரிடம்தான் பதவி உயர்வு முறையைப் பற்றிய மனக்குறை மிகுந்திருந்தது. யாருமே உயராத இடத்தில் உயராமல் இருப்பது பெரிதாகத் தெரிவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக மேலே போகும் இடத்தில் அப்படியே நிற்பதுதான் தாங்க முடியாததாகிறது. ஆகவே இப்படி வருந்துபவரை மனத்திடம் இல்லாதவர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

முதல் சில நாள்களில் செய்யக் கூடாத ஒன்றை நானே செய்திருப்பதால் அதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு. என்னைவிட நான்கு ஆண்டு பணி மூப்பில் குறைந்த ஒருவருக்கு அந்தப் பதவி சென்ற அன்று மாலையே, மேலதிகாரிக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். அதில் இருந்தவற்றில் பெரும்பாலானவை உண்மைதான். ஆனால் அடுத்த ஆண்டு என் பெயர் பரிசீலனைக்கு வந்தபோது, நான் முடித்துக் கொடுத்த பணிகளைப் பற்றிப் பேசியதைவிட அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எழுதுவது தவறு என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேலை இழந்த பொறியாளர்களில் ஒரு பகுதியினரை, அந்த இழப்பைப் பற்றிய தங்கள் எண்ணங்களையும் உணர்வுகளையும் தொடர்ந்து 5 நாள்கள், நாளொன்றுக்கு 20 நிமிடம் எழுதச் செய்தார்கள். அவ்வாறு எழுதியவர்களுக்கு, எழுதாதவர்களைவிட விரைவாக மறுவேலை கிடைத்தது. அவர்கள் அந்த எழுத்தைக் கடிதமாக எவருக்கும் அனுப்பவில்லை. பதவி உயர்வை இழந்த நிலைக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம். கடிதத்தை எழுதுங்கள், ஒரு சொல்லையும் அடக்காமல் எழுதுங்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவர்கள் வேறு யார் மூலமாகவோ கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடுவது அவர்களையும் காயப்படுத்தும்.

இனி, நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். காரணத்தைக் கேளுங்கள். குழுவில் இருந்த ஆண்டுகளில் எனக்குப் பெரிதும் வருத்தம் தந்தது இதுதான்: பெயர் விடுபட்டவர்களில் மிகச் சிலரே வந்து கேட்டார்கள். மற்றவர்கள் தாங்களே ஒரு காரணத்தை ஊகித்துக்கொண்டு, அந்த ஊகத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஒருவர் தாம் ஏதோ ஒரு கூட்டத்தில் எதிர்த்துப் பேசியதுதான் காரணம் என்று நம்பி, அதன்பின் எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்கவில்லை. அவருடைய பெயரைப் பரிசீலித்தபோது அந்தப் பேச்சை யாரும் குறிப்பிடவே இல்லை.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்று கேட்டால், எதிரில் இருப்பவர் எடுத்த முடிவைக் காப்பாற்றிக்கொள்ளவே முயல்வார். "இந்த முறை இடம் குறைவு, அடுத்த முறை பார்க்கலாம்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு வாரம் சென்றபின், தனியாக அரை மணி நேரம் கேட்டுப் பெற்று, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பதவிக்கு நீங்கள் முக்கியமாக எதைப் பார்த்தீர்கள்? அதில் என்னிடம் எது போதவில்லை என்று கருதினீர்கள்? அடுத்த முறை குழு கூடும்போது நீங்கள் தயங்காமல் என் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்குள் நான் எதைச் செய்து காட்டியிருக்க வேண்டும்?" சொல்லப்படுவதை இடைமறிக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். அன்றே நன்றி கூறி, பேசியவற்றைச் சுருக்கமாக எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். மேலாளர்கள் மாறிப் போவார்கள். புதிதாக வருபவரிடம் காட்டுவதற்கு எழுத்தில் இருப்பது மட்டுமே உதவும்.

குழுவின் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் ஓரளவு சொல்கிறேன். அங்கே ஒருவருடைய உழைப்பை மட்டும் எடைபோடுவதில்லை. அவருக்காகப் பேச யாராவது இருக்கிறாரா என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. நேரடி மேலாளர் மௌனமாக இருந்துவிட்டால், மிக நல்ல மதிப்பீட்டு அறிக்கையும் ஒரு நிமிடத்தில் புரட்டப்பட்டுவிடும். அதைவிடக் கொடுமையான ஒன்றும் உண்டு. "அவரை அங்கிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பிரிவே நின்றுபோகும்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையசைப்பார்கள், பாராட்டைப் போல ஒலிக்கும் அந்த வாக்கியத்தாலேயே பிரிவின் முழுச் சுமையையும் தாங்கியவருடைய பெயர் நீங்கிவிடும். நீங்கள் அந்த நிலையில் இருப்பதாகத் தோன்றினால், உங்கள் வேலையை உங்களைப் போலவே செய்யக்கூடிய ஒருவரை இன்றிலிருந்தே பழக்குங்கள். அப்படிப் பழக்கியிருப்பதை மேலிடத்துக்கும் தெரியப்படுத்துங்கள்.

இன்னொன்று, இப்போதைய வேலையில் சிறந்து விளங்குவதும் அடுத்த பதவிக்குத் தேவையான திறமும் ஒன்றல்ல. 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்க நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களைப் பற்றியது. அதிகம் விற்றவர்களே அதிகம் மேலாளர்களாக உயர்த்தப்பட்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே வேலை பார்த்தவர்களின் விற்பனை குறைந்தது. ஆகவே, "நான் எல்லாரையும்விட நன்றாக வேலை செய்கிறேனே" என்ற நியாயம் வலுவானதுதான் என்றாலும், அது மட்டுமே போதுமானதாகாது. பிறரை வேலை செய்ய வைப்பது, சச்சரவைத் தீர்ப்பது, தெரியாதவருக்குப் பொறுமையாகக் கற்றுத்தருவது ஆகியவற்றைப் பதவி வருவதற்கு முன்பே பிறர் கண்ணில் படும்படி செய்திருக்க வேண்டும்.

உண்மையாகவே அநீதி நடந்திருந்தால்? நடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். மகப்பேறு விடுப்பில் சென்று வந்த ஒரு பெண்ணின் பெயரை, அந்த விடுப்பைச் சொல்லாமலே ஒதுக்கியதை எதிர்த்துப் பேசி, குழுவில் சிறுபான்மைத் தரப்பாகிப்போனவன் நான். ஜான் திபோ, லாரன்ஸ் வாக்கர் ஆகிய இருவர் 1975இல் வெளியிட்ட ஆய்வுகள், தமக்குப் பாதகமான முடிவைக்கூட, தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த, நேர்மையான முறையில் எடுக்கப்பட்டதென்றால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று காட்டின. நிறுவனங்கள் இதை மறந்துவிடுகின்றன. காரணம் சொல்ல மறுத்தாலோ, சொல்லும் காரணம் ஒவ்வொரு முறையும் மாறினாலோ, எழுத்தில் உள்ள விதிமுறைகளைக் கேட்டுப் பெறுங்கள். மதிப்பீட்டு அறிக்கைகளை ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இருக்குமானால் அது கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ நாடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

பதவி பெற்றவரை அன்றே வாழ்த்திவிடுவது நல்லது. ஒரு வாக்கியம் போதும். நாள் தள்ளத் தள்ள அந்த ஒரு வாக்கியமும் கனத்துக்கொண்டே போகும். நேற்றுவரை "வா, போ" என்று பேசிய நண்பர் இன்று உங்களுக்கே மேலாளராகிவிட்டால், எப்படி அழைப்பது என்ற தடுமாற்றம் அவருக்கும் இருக்கிறது. பலர் நடுவில் மரியாதைப் பன்மையும் தனிமையில் பழைய ஒருமையுமாக நீங்களே தொடங்கிவிட்டால் இருவருக்கும் மூச்சு விட முடியும்.

கொடுத்த சம்பளத்துக்கு இவ்வளவு போதும் என்று வேலையைச் சுருக்கிக்கொள்ளும் எண்ணம் எல்லோருக்கும் வரும். உழைப்புக்கும் பலனுக்கும் இடையே சமன் குலைந்ததாகக் கருதுபவர் உழைப்பைக் குறைத்து அதைச் சரிசெய்ய முயல்வார் என்று உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1960களிலேயே எழுதியிருக்கிறார். பதவி வரும் என்ற நம்பிக்கையில் தலைமேல் போட்டுக்கொண்ட கூடுதல் பொறுப்புகளை, மேலாளரிடம் சொல்லிவிட்டு வெளிப்படையாகக் கைவிடலாம்; அதை நான் தவறாகவே கருதவில்லை. ஒன்றும் சொல்லாமல் தரத்தைக் குறைத்துக்கொண்டால்தான், கொடுக்காமல் விட்டது சரியே என்று பிறர் சொல்ல நாமே இடம் கொடுத்தவர்களாகிறோம்.

இருப்பதா, போவதா என்ற கேள்விக்குப் பட்டியல் வந்த வாரத்தில் விடை தேட வேண்டாம். கேட்டறிந்த குறையைச் சரிசெய்து, அடுத்த சுற்றுவரை காத்திருங்கள். அப்போதும் அதே பதில், அல்லது முற்றிலும் புதிய ஒரு குறை சொல்லப்பட்டால், அந்த இடத்தில் உங்களுக்கு வழி இல்லை என்று தெளிவாகிவிடும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. இரண்டாம் முறை பெயர் விடுபட்டபோது நான் கடிதம் எழுதவில்லை; நேரில் கேட்டேன். அறிக்கைகளை நன்றாக எழுதினாலும் அவற்றைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை என்றார்கள். அது உண்மை. ஓராண்டுக் காலம் அதைப் பழகினேன். மூன்றாம் பட்டியலிலும் என் பெயர் இல்லை. இம்முறை யாரும் காரணம் சொல்லவும் இல்லை. எட்டு மாதம் நிதானமாகத் தேடி, வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பழைய அலுவலகத்தில் கடைசி நாளன்று, எனக்கு முன்னால் பதவி உயர்வு பெற்ற அந்த நண்பர்தான் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நன்றி. வணக்கம்.