ஆலோசகரின் முடிவு: தொழில் நெறியா, சொந்த மதிப்பீடா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனநல ஆலோசகரின் முடிவுகளை நடத்துவது தொழில் நெறியா, சொந்த மதிப்பீடா என்பது தலைப்பு. சொந்த மதிப்பீடுதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அம்மா, "நல்ல ஆலோசகர் தன் கருத்துகளைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அம்மா, செருப்பைக் கழற்றலாம். காலையே கழற்றி வைக்க முடியுமா?

ஒரு ஆலோசனை அறையை நினைத்துக்கொள்ளுங்கள். 19 வயதுப் பெண். வேறு சாதிப் பையனைக் காதலிக்கிறாள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெளியே வருகிறாள். உடனே அவள் அம்மா உள்ளே நுழைந்து, "என்ன சொன்னா மேடம்?" என்கிறார். ரகசியம் காக்க வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மேடமும் ரகசியத்தை உடைக்கவில்லை. "பயப்பட ஒண்ணுமில்லைங்க. ஆனா பொண்ணு மேல கொஞ்சம் கண்ணு வெச்சுக்கங்க" என்கிறார். அவ்வளவுதான். அன்று ராத்திரியே அந்தப் பெண்ணின் செல்போன் பறிபோகிறது. எந்த விதியை மீறினார் மேடம்? யாரிடம் புகார் கொடுப்பது? 'பெத்தவங்களுக்குத் தெரியாம என்ன காதல்' என்ற அவரது சொந்த எண்ணம்தான் அப்படிச் சொல்ல வைத்தது. காதல் கல்யாணம் செய்துகொண்ட இன்னொரு மேடம் அங்கே இருந்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கலாம்.

"மீறினால் சட்டம் கேட்கும்" என்றார் எதிரணித் தலைவர். சரி, அதே சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். தன் சமூகத்தின் ஒழுக்க, கலாச்சார, மத நம்பிக்கைகளோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவு கட்டக்கூடாது என்கிறது. யாருமே அப்படிச் செய்யாத நாட்டில் இந்த வரிக்கு என்ன வேலை?

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1973இல்தான் எடுத்தது. சிலர் விடவில்லை. 1974இல் உறுப்பினர்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. சுமார் 58 சதவீதம் பேர் நீக்கத்தை ஆதரித்தார்கள். மற்றவர்களும் அதே படிப்புப் படித்தவர்கள்தானே? மறுநாள் காலை கிளினிக்கைத் திறந்து அவர்கள் என்ன ஆலோசனை சொல்லியிருப்பார்கள்?

சென்னைக்கு வருவோம். 2021இல், சேர்ந்து வாழ விரும்பிய இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார். அப்புறம்தான் பாலின ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைக்குத் தடை விதித்தார். சட்டம் முன்பும் அதேதான், பின்பும் அதேதான். நடுவில் மாறியவர் நீதிபதி. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. (நடுவர் ஐயா, உங்களைச் சொல்லவில்லை!)

2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அந்தச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டதே என்பார்கள். நல்லதுதான். ஆனால் சிகிச்சை என்று பேர் வைக்காமல், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்று கதவு சாத்திய அறையில் ஒருவர் சொன்னால், அது எந்த ஆணையத்தின் காதில் விழும்?

இந்தத் துறையில், மூத்தவரிடம் தன் கேஸ்களைச் சொல்லி, "நான் சரியாகத்தான் பார்க்கிறேனா?" என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. சூப்பர்விஷன் என்பார்கள். விதிப் புத்தகமே போதும் என்றால் இது எதற்கு? எதிரணியில் அடுத்து வருபவர் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.