குடையை வீசினால் ஏன் "வ்வூம்" என்கிறான்?

வணக்கம் மக்களே. கையில் இருக்கும் இந்தக் குடை மழைக்கு இல்லை. போன வாரம் அக்கா பையன் வந்திருந்தான், ஏழு வயது. இதை இரண்டு கையாலும் பிடித்து வீசிக்கொண்டே வாயால் "வ்வூம்... வ்வூம்" என்றான். ஸ்டார் வார்ஸ் என்ற ஹாலிவுட் விண்வெளிப் படவரிசையில் ஒன்றுகூட அவன் பார்த்ததில்லை, விசாரித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சண்டை போடுவார்களாம்.

முதல் படம் வந்தது 1977 மே மாதம். அப்போது இவன் அம்மாவே பிறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, படம் வராத வீட்டுக்குள் அதன் சத்தம் மட்டும் வந்து நிற்கிறது! அப்பா மகன் மோதல், ஜான் வில்லியம்ஸ் இசை என்று காரணம் சொல்வார்கள். சரிதான். என்னைக் கேட்டால் பாதிப் புண்ணியம் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட்டுக்குத்தான்.

அந்த "வ்வூம்", படத்தில் வீசிச் சண்டை போடும் ஒளிவாளின் சத்தம். அது பிறந்த கதையைக் கேளுங்கள். பழைய புரொஜெக்டர் ஒன்றின் மோட்டார் சும்மா சுற்றும்போது வரும் ரீங்காரத்தை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். ஆனால் அதில் ஏதோ குறைந்தது. ஒருநாள் பழுதான வயர் உள்ள மைக்கோடு டிவியைக் கடந்து போகும்போது, பிக்சர் டியூபிலிருந்து "ஜ்ஜ்ஜ்" என்று இரைச்சல் புகுந்துவிட்டது. நானாக இருந்தால் வயரைத் தூக்கிப் போட்டிருப்பேன். அவர் இரண்டையும் கலந்தார். அப்புறம் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, இன்னொரு மைக்கைக் கையில் பிடித்து அதன் முன்னால் வீசினார். ரயில் ஹாரன் நம்மைத் தாண்டும்போது சுருதி இறங்குமே, அதே சங்கதி. நாம் கேட்கும் வாள்வீச்சு ஒரு மனிதரின் கைவீச்சு.

முகமூடி போட்ட வில்லன் டார்த் வேடரின் மூச்சு, ஸ்கூபா டைவிங் கருவிக்குள் பர்ட்டே விட்ட மூச்சு. துப்பாக்கிச் சத்தம், டவரை இழுத்துக் கட்டிய கம்பியில் சுத்தியலால் தட்டியது. ஹீரோ லூக்கின் வாள் பிடிகூட பழைய பிரஸ் கேமராவின் ஃபிளாஷ் கைப்பிடிதான். விண்கலங்களிலும் கரி, கீறல், எண்ணெய்க் கறை. 1999 முதல் 2005 வரை வந்த மூன்று படங்கள் ரொம்பப் பளபளவென்று இருந்ததால் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. திட்டுவதானால் கமென்ட்டில் திட்டுங்கள்.

சரி, என் டேபிள் ஃபேன் ரீங்காரத்தைப் போனில் பிடித்து வைத்திருக்கிறேன். இப்போது ஸ்பீக்கரில் போட்டு, மைக்கை வீசப்போகிறேன். ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு...