காசு அங்கே, கடன் இங்கே

(மட்டக்களப்பு – கல்முனை வீதியில் இருக்கும் எங்கள் ஊர்ச் சந்தியில் சுப்பர் மார்க்கட் ஒன்று திறக்கப்படவிருப்பது பற்றி, நூலக மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் பேசியது. திருப்பித் திருப்பிச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கிறேன்.)

தலைவர் அவர்களே, கடை முதலாளிமாரே, வீட்டுச் சாமான் கணக்கை மனதிலேயே வைத்திருக்கும் தாய்மாரே,

எனக்கு முன் பேசிய மூன்று பேரும் சுப்பர் மார்க்கட் கம்பனியை ஊருக்குள் விடவே கூடாது என்றார்கள். நல்ல கைதட்டல் கிடைத்தது. எனக்கு அவ்வளவு கிடைக்காது என்று தெரிந்துகொண்டுதான் எழும்பி வந்தேன்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே முன்வரிசையில் இருக்கும் முதலாளிமாரின் தகப்பன்மார், பங்கீட்டுக் கூப்பனுக்கு அரிசியும் சீனியும் கொடுத்த காலத்தில், சங்கக்கடை தங்கள் வயிற்றில் அடிக்கிறது என்று சொன்னவர்கள். பிறகு 1977 வந்தது. இறக்குமதி திறந்துவிடப்பட்டது, சங்கக்கடை வாசலில் நின்ற வரிசை கலைந்தது, உங்கள் கடைகள் நிமிர்ந்தன. சங்கக்கடையைக் காப்பாற்ற வேண்டும் என்று அப்போது ஒருவரும் இந்த மண்டபத்தில் கூட்டம் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பருப்பில் கல் இருந்தது, எங்கள் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. சனம் போய்விட்டது.

கம்பனியைத் தடுக்கலாமா என்றால், முடியாது. பிரதேச சபை கட்டட வரைபடத்தைப் பார்க்கலாம், வாகனம் நிறுத்த இடம் கேட்கலாம், கழிவுநீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்று விசாரிக்கலாம். உன் பருப்பு விலை குறைவு, ஆகையால் திறக்காதே என்று சொல்ல நம் நாட்டில் சட்டம் இல்லை. இந்த வகைக் கடை நேற்று முளைத்ததும் அல்ல. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் கம்பனி, 1983இல் கொழும்பு ஸ்டேபிள்ஸ் வீதியில் முதலாவது பூட் சிட்டி சுப்பர் மார்க்கட்டைத் திறந்தது. மட்டக்களப்பு நகரத்துக்கு அந்தக் கடைகள் வந்து இப்போது எத்தனையோ வருடம். நம்மில் பாதிப் பேர் கல்லடிப் பாலம் தாண்டிப் போய் அங்கே சாமான் வாங்கிக்கொண்டுதான் வருகிறோம். பையை வீட்டுக்குள் கொண்டுபோகும்போது பக்கத்துக் கடைக்காரர் காணாதபடி மறைக்கிறோம், அவ்வளவுதான்.

அங்கே என்ன இருக்கிறது என்று நேர்மையாகச் சொல்லுவோம். விலை ஒட்டியிருக்கிறது. பில் கிடைக்கிறது. ஒரு பொம்பிளைப் பிள்ளை பத்து நிமிடம் நின்று பத்து சவர்க்காரத்தை மணந்து பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தாலும் யாரும் முறைப்பதில்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதைச் சொன்னால் முன்வரிசைக்குக் கோபம் வரும். அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைக்கு ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, சம்பளத்தில் முதலாளி நூற்றுக்கு 12, பிள்ளை 8. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 முதலாளி கட்டவேண்டும். சட்டம் கடைப் பொடியனுக்கும் அதேதான். இந்தச் சந்தியில் எத்தனை பேர் கட்டுகிறீர்கள்? கை உயர்த்தச் சொல்லவில்லை, கூட்டம் முடிய வேண்டும்.

ஆனால் ஆட்டம் சமமானதா என்றால், அதுவும் இல்லை. நம் கடைக்காரர் சீனி இரண்டு மூடை எடுப்பார், அதுவும் கொழும்புப் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் தொடங்கி இரண்டு கை மாறி வந்த சீனி. கம்பனி கொள்கலனாக எடுக்கும். வங்கி அட்டை காட்டினால் விலைக்கழிவு என்பார்கள். அந்தக் கழிவு சம்பளக்காரருக்கு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவரிடம் என்ன அட்டை இருக்கிறது, அடையாள அட்டையைத் தவிர? தண்டப் பணத்தைப் பாருங்கள். குறித்த விலைக்கு மேல் விற்றால், 2021இல் நுகர்வோர் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தனி ஆளுக்கு ஆகக் குறைந்தது 1 இலட்சம், கம்பனிக்கு 5 இலட்சம். நாடெல்லாம் கிளை வைத்திருக்கிறவருக்கு 5 இலட்சம் ஒரு காலைநேர வியாபாரம். தண்ணீர்ப் போத்தலில் பத்து ரூபாய் கூட்டிய நம் ஆளுக்கு 1 இலட்சம் என்பது லாச்சியைக் கவிழ்த்தாலும் வராத காசு. கூட்டி விற்றது பிழைதான். பிழைக்குத் தண்டம் இருக்கட்டும், கடையே போகிற அளவுக்கா?

இனிக் கடன் கொப்பிக்கு வருகிறேன். இன்றைக்கு நான் கதைக்க வந்ததே இதைத்தான்.

ஒவ்வொரு கடையிலும் மேசைக்குக் கீழே ஒரு கொப்பி இருக்கிறது. மூலை மடிந்து, எண்ணெய் பட்டு, நடுவில் பேனை செருகி. கம்பனியிடம் இல்லாத ஒரே சாமான் அது. பெரும்போகம் விதைத்தவருக்கு மாசி, பங்குனியில் வெட்டினால்தான் காசு. வாவியில் வலை போடுகிறவருக்குக் காற்று எழும்பினால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியை யார் நிரப்பியது? நுண்கடன் கம்பனிகளும் நிரப்ப வந்தன. கிழமைக்கொருதரம் வாசலில் வந்து நின்று அவர்கள் கேட்ட கேள்விகள் இங்குள்ள பெண்களுக்குத் தெரியும். கடைக்காரர் அப்படிக் கேட்கவில்லை. "மகள், வெள்ளாமை வெட்டு முடிஞ்சதா?" என்று ஒரு வார்த்தை. அதிலேயே எல்லாம் இருக்கும்.

கொப்பிக் கடனுக்கு வட்டியே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நானும் கடை நடத்தியவன். வட்டி பருப்பு விலைக்குள் இருக்கிறது.

2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்தபோது, கரையோரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரின் கடையோடு கொப்பியும் போனது. அவர் முகாமில் இருந்தார். யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. ஒரு கிழவி வந்து, "மனே, எனக்கு எண்ணூற்றுச் சொச்சம் இருந்தது" என்று சொல்லி நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போனா. இன்னும் சிலர் வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவர்களில் மாதச் சம்பளக்காரரும் இருந்தார்கள் என்று அவர் பிறகு எனக்குச் சொன்னார், பெயரோடு. பெயரை நான் சொல்லப்போவதில்லை.

2022ஐ நினைத்துப் பாருங்கள். பால்மா இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்குப் பகல் முழுக்க வரிசை. பெரிய கடைகளில் ஆளுக்கு ஒரு பக்கட். சின்னக் கடையில் கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு என்று உள்ளே ஒன்று எடுத்து வைத்திருந்தார்கள். அதே கிழமையில் பதுக்கி வைத்து இரட்டை விலைக்கு விற்றவர்களும் இதே சந்தியில்தான் இருந்தார்கள். இரண்டையும் சனம் மறக்கவில்லை.

சம்பளம் விழுந்த கிழமை, காசை மடித்துக்கொண்டு குளிர் போட்ட கடைக்குப் போகிறோம். தள்ளுவண்டி நிறைகிறது. இருபதாம் திகதிக்குப் பிறகு பிள்ளையிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "கொப்பியில எழுதச் சொல்லு" என்று மூலைக் கடைக்கு அனுப்புகிறோம். காசு அங்கே, கடன் இங்கே. சின்னக் கடைக்கு மூச்சு முட்டுவது சுப்பர் மார்க்கட் வருவதால் அல்ல, இதால்தான். கடனை மட்டும் வாங்கிக்கொள்ளும் கடை ஒரு பெரும்போகம் தாங்கும், இரண்டு தாங்காது. அது பூட்டின பிறகு கம்பனியிடம் போய்க் கொப்பி கேளுங்கள் பார்ப்போம்.

அதற்காக, "நம்மட ஊர்க் கடை" என்ற பெயருக்காகக் கூடின விலைக்கு வாங்கு என்று ஒரு தாயிடம் கேட்க எனக்கு மனமில்லை. கேட்கவும் கூடாது. இன்னொன்று: இந்தப் பேச்சை "நம்மட ஆக்கள் கடை, அவங்கட ஆக்கள் கடை" என்று திருப்பப் பார்த்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். காத்தான்குடி முஸ்லிம் வியாபாரியும் களுவாஞ்சிகுடித் தமிழ் வியாபாரியும் ஒரே லொறிக்காரனிடம்தான் சீனி வாங்குகிறார்கள். அந்தக் கதையை இந்த மண்டபத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

கடைக்காரருக்கு நான் சொல்வது சின்ன விசயங்கள். விலையை எழுதி ஒட்டுங்கள். தராசை ஆள் பார்க்கும் பக்கம் திருப்பி வையுங்கள். காசு கொடுத்து வாங்குகிறவருக்கு ஒரு விலை, கொப்பிக்கு ஒரு விலை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே விலை வைத்தால், காசுக்காரன் கடன்காரனின் வட்டியைக் கட்டுகிறான். அவன் போகாமல் என்ன செய்வான்?

பெரிய விசயம் ஒன்றும் இருக்கிறது. இந்தச் சந்தியில் பதினான்கு பலசரக்குக் கடை. பதினான்கு பேரும் தனித்தனியாக இரண்டு இரண்டு மூடை எடுக்கிறீர்கள். கூட்டினால் ஒரு லொறி. சீனி, பருப்பு, கோதுமை மா, வெங்காயம், இந்த நான்கை மட்டும் சேர்ந்து எடுத்தால் நடுவில் ஒரு கை குறையும். சங்கக்கடைக்காரன் கடைசியில் சங்கத்துக்குத்தான் வருகிறான் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சங்கம் ஏன் விழுந்தது என்று தெரிந்தவனும் நான்தான்: காசுப் பொறுப்பையும் சாவியையும் ஒருவரிடமே கொடுத்தோம்.

அரிசிக்கு லொறி தேவையில்லை, வாவிக்கு அந்தப் பக்கம் விளைகிறது. சட்டித் தயிரும் கச்சானும் அப்படித்தான். கம்பனிக்கு விற்றால் காசு கைக்கு வர நாள் செல்லும், தயிர்க்காரர் அதுவரைக்கும் மாட்டுக்கு என்ன போடுவார்? அவரை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து எடுக்கும் லொறிக்குத் தங்கள் பெயரைக் கொடுக்க விரும்புகிறவர்கள் தேநீர் நேரத்தில் என்னிடம் வாருங்கள். புதுக் கொப்பி ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கினது.