கல்யாண நாளுக்குப் பாண்டியில் ஒரு நாள்: ஆரோவில்லை விட்டுவிடலாமா?

சரி, அடுத்த கேள்வி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, வர்ற மாசம் எங்க ரெண்டாவது கல்யாண நாள். நானும் வீட்டுக்காரம்மாவும் பைக்ல காலைல கிளம்பி ராத்திரி திரும்பணும். ஆரோவில், சுண்ணாம்பாறு போட்டிங், ஒயிட் டவுன், ஆசிரமம், எல்லாம் ஒரே நாள்ல முடியுமா? சாப்பாடு எங்க?"

முடியும் தம்பி, ஆனால் பார்த்த மாதிரி இருக்காது. ஆரோவில்லில் இருக்கிற தியான மண்டபமான மாத்ரி மந்திர் உள்ளே போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவு இல்லாமல் போனால் வெளியே தூரத்திலிருந்து அந்தத் தங்க உருண்டையைப் பார்த்துவிட்டு வெயிலில் நடந்து திரும்ப வேண்டியதுதான், அதற்கே அரை நாள் போய்விடும். சுண்ணாம்பாறு நீங்கள் வருகிற கடலூர் சாலையிலேயே இருக்கிறது, கடலூர்க்காரருக்கு அது எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். அதனால் இரண்டையும் விட்டுவிடுங்கள். நான்கு புல்வார்களுக்கு, அதாவது ஊரைச் சுற்றிப் போகிற அகலச் சாலைகளுக்கு, நடுவில் இருக்கிற பழைய ஊரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்தே பார்த்துவிடலாம்.

முதலில் கிழமை. சனி, ஞாயிறு வேண்டாம், சென்னையும் பெங்களூரும் சேர்ந்து வந்து இறங்கியிருக்கும். திங்கள் மியூசியம் லீவு. செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாள் பாருங்கள்.

நிறைய ஜோடிகள் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிட்டு மேற்கே திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள். நம்முடையது கிழக்குக் கடல் அய்யா, அங்கே சூரியன் உதிக்கத்தான் செய்யும்! அதனால் விடியற்காலையிலேயே வந்துவிடுங்கள். காலை ஏழரை வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலை, அதற்கு எதிரே 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம் என்று ரோடு முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். அப்படியே ஒரு பேக்கரியில் குரோசானும் காபியும் முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் முக்கியமான விஷயம், இந்த ஊர் மதியம் கதவைச் சாத்திவிடும். மணக்குள விநாயகர் கோயில், ஆசிரமம் இரண்டும் மதியம் சாத்திவிட்டு அப்புறம்தான் திறக்கும். மதியம் மெதுவாக வந்து இறங்கினால் எல்லா வாசலிலும் பூட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆகவே கோயில், ஆசிரமம், மியூசியம், பாரதி பூங்கா எல்லாவற்றையும் காலையிலேயே வையுங்கள், எல்லாம் பக்கம் பக்கம்தான். ஆசிரமத்தில் அரவிந்தர், அன்னை சமாதி அருகே பேசக்கூடாது, போனை அணைத்து வைக்க வேண்டும், போட்டோ கிடையாது.

ஒயிட் டவுனில், அதாவது பழைய வெள்ளையர் பகுதியில், ரோமன் ரோலண்ட் வீதி, டூமா வீதி, இரண்டும் போதும். மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, மேலே காகிதப்பூ, எல்லோரும் எடுக்கிற அதே போட்டோவை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் "முந்நூற்று ஐம்பது வருஷ வீடு சார்" என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1674-ல் வந்தது உண்மைதான், ஆனால் 1761-ல் ஆங்கிலேயர்கள் பிடித்தபோது வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு எழும்பியது.

பழசு பார்க்க வேண்டுமென்றால் வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டுங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்ட வேண்டியிருக்கும், பரவாயில்லை. முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் வருவதே இல்லை, என்னைக் கேட்டால் ஊரில் பாதி இங்கேதான் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டை ஒட்டி ஆனந்தரங்கப் பிள்ளை வீடு, 1738-ல் கட்டியது. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர், ஊர் விழுந்த அதே 1761-ல் போய்ச் சேர்ந்தார். வைசியாள் வீதியில் நடக்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். கீழே திண்ணை, மரத்தூண், சாய்ந்த ஓட்டுத் தாழ்வாரம், எல்லாம் நம் தாத்தா வீடு. தலையைத் தூக்கினால் மாடியில் வளைவு ஜன்னலும் பிரெஞ்சு பால்கனியும். ஒரே வீட்டில் இரண்டு ஊர். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு இருக்கிறது. 1908-லிருந்து 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார், குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் எழுதியது இங்கே இருந்த காலத்தில்தான்.

மதியச் சாப்பாட்டை அவசரமாக முடிக்காதீர்கள், எப்படியும் ஊரே மூடிக் கிடக்கும். பீட்சா, பாஸ்தா சாப்பிடப் பாண்டி வரை வர வேண்டாம், அது உங்கள் ஊரிலேயே கிடைக்கும். பழைய வீடுகளை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அங்கே பிரெஞ்சும் தமிழும் கலந்த கிரியோல் சமையல் இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து இடித்து விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி வெயிலில் காயவைப்போமே வடகம், அந்த வாசனைதான் அந்தக் குழம்புகளில் வரும், தேங்காய்ப்பாலோடு, காரம் கம்மியாக. காரம் இல்லாமல் உங்களுக்கு இறங்காது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். விலை கூடத்தான், உட்காருவதற்கு முன்பு மெனு கார்டை வாங்கிப் பார்ப்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் நேரு வீதிப் பக்கம் மீன் சாப்பாடு இருக்கவே இருக்கிறது.

சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா, கலர் கண்ணாடி ஜன்னல்களுக்காகவே போகலாம். ஆறு மணிக்கு மேல் பீச் ரோடு மறுபடியும் நடக்கிறவர்களுக்கு வந்துவிடும், சுண்டலோ ஐஸ்கிரீமோ வாங்கிக்கொண்டு உட்காருங்கள். ராத்திரி கனமாகச் சாப்பிட வேண்டாம், பைக் ஓட்ட வேண்டும் இல்லையா.

அப்புறம் இன்னொன்று. பாண்டியில் சரக்கு விலை கம்மி என்று நண்பர்கள் ஆளுக்கொரு பாட்டில் சொல்லி அனுப்புவார்கள். ஆல்பேட்டை செக்போஸ்டில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள். கல்யாண நாள் அன்று வீட்டுக்காரம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அங்கே நின்று பதில் சொல்லாதீர்கள் தம்பி, அப்புறம் மூன்றாவது கல்யாண நாளுக்கு எங்கே கூப்பிட்டாலும் வரமாட்டார். சரி, அடுத்த கேள்விக்குப் போகலாம்.