க்ரூஸ் புக் பண்ண பிறகு விலை குறைஞ்சிருச்சா? வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்க

வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க? இன்னிக்கு க்ரூஸ் விஷயம். புக் பண்ணி முடிச்சாச்சு, ரெண்டு மாசம் கழிச்சு சும்மா எட்டிப் பாத்தா அதே கப்பல், அதே தேதி, அதே ரூம், விலை மட்டும் முன்னூறு நானூறு டாலர் கம்மி. வயிறு எரியும்ல? நிறைய பேர் "சரி, நம்ம நேரம்"னு விட்டுடறாங்க. விடாதீங்க. அமெரிக்காவுல புக் பண்றவங்களுக்கு அந்த வித்தியாசத்தைத் திரும்ப வாங்க வழி இருக்கு. சில நேரம் டிக்கெட் விலையிலயே கழிச்சுக் குடுப்பாங்க. சில நேரம் ஆன்போர்டு கிரெடிட், அதாவது கப்பலுக்குள்ள செலவு பண்ணிக்கற பணமா குடுப்பாங்க. ஆனா நீங்களா கேட்டாதான். விலை குறைஞ்சிருக்குங்கன்னு எந்த கம்பெனியும் உங்களுக்கு போன் போட்டுச் சொல்லப்போறதில்ல.

நான் சொல்றது எல்லாம் மயாமி, போர்ட் கனாவெரல், கால்வெஸ்டன், நியூ ஜெர்சி பேயோன், இந்த மாதிரி இடத்துல ஏறுற கப்பல்களுக்கு, அமெரிக்காவுல குடியிருந்து இங்கேயே புக் பண்றவங்களுக்கு. வேற நாட்டுல புக் பண்ணா விதி வேற.

முதல்ல ஒரு தேதியைக் கெட்டியா புடிச்சுக்கங்க: ஃபைனல் பேமென்ட் தேதி. புக் பண்றப்ப டெபாசிட் மட்டும்தான கட்டுறோம், மீதியை எப்ப கட்டணுமோ அந்த நாள். கம்பெனிக்கு கம்பெனி மாறும். ராயல் கரீபியன்ல 5 ராத்திரியோ அதுக்கு மேலயோ போற பயணம்னா கிளம்பறதுக்கு 90 நாள் முன்னாடி, சின்ன பயணம்னா 75 நாள். நார்வீஜியன்ல 120 நாள் முன்னாடியே கேட்டுடுவாங்க. உங்க புக்கிங் கன்ஃபர்மேஷன்ல அந்த தேதி போட்டிருக்கும். இந்த வீடியோவை பாஸ் பண்ணிட்டு இப்பவே போய்ப் பாருங்க, பரவால்ல, நான் வெயிட் பண்றேன்.

பாத்தாச்சா? இந்தத் தேதிக்கு முன்னாடி விலை குறைஞ்சா உங்க கை ஓங்கியிருக்கு. ஏன்னா ரீஃபண்டபிள் டெபாசிட், அதாவது கேன்சல் பண்ணா திரும்பக் கிடைக்கற டெபாசிட் கட்டியிருந்தீங்கன்னா, கேன்சல் பண்ணிட்டு புது விலைக்கு திரும்ப புக் பண்ண உங்களால முடியும். அது அவங்களுக்கும் தெரியும். அதனால பெரும்பாலும் ஒரு போன்லயே புது விலையைப் போட்டுக் குடுத்துடுவாங்க. இதைத்தான் ரீப்ரைஸ்னு சொல்றது. இந்த நேரத்துல "சார், வித்தியாசத்தை ஆன்போர்டு கிரெடிட்டா போட்டுடட்டுமா?"ன்னு கேட்டா, வேணாம்னு சொல்லுங்க. கட்டப்போற பணம் குறையறதுதான் உங்களுக்கு லாபம். கிரெடிட்டா வாங்கினா அது கப்பல்லயே கரைஞ்சு அவங்க கல்லாவுக்கே திரும்பப் போயிடும்.

இதை ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, இந்த கம்பெனிகளோட வருமானத்துல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு டிக்கெட்ல வர்றதில்ல. கப்பலுக்குள்ள நாம செலவு பண்றதுல வருது. ட்ரிங்க்ஸ், வைஃபை, ஸ்பா, காசினோ, கரையில இறங்கிப் போற எக்ஸ்கர்ஷன், போட்டோ, எல்லாம் சேர்த்து. அதனாலதான் காலி ரூமோட கப்பல் கிளம்பறது அவங்களுக்கு ஆகவே ஆகாது. ஃபைனல் பேமென்ட் தேதி நெருங்க நெருங்க, சும்மா புடிச்சு வச்சிருந்தவங்க நிறைய பேர் கேன்சல் பண்ணுவாங்க. அந்த ரூமெல்லாம் மொத்தமா சந்தைக்குத் திரும்ப வரும். அந்த சமயத்துல விலை இறங்கறது சகஜம். எல்லாக் கப்பலுக்கும் இறங்கும்னு நினைக்காதீங்க. ஸ்கூல் லீவு, கிறிஸ்துமஸ் வாரம் எல்லாம் ஏறிக்கிட்டேதான் போகும். ஆனா அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னாடி கண்டிப்பா ஒரு தடவை பாத்துடுங்க.

ராயல் கரீபியன்ல இன்னொண்ணும் இருக்கு. புக் பண்ணி 48 மணி நேரத்துக்குள்ள அதே ரூம் கம்மி விலைக்குக் கிடைச்சா, வித்தியாசத்துல 110 சதவீதத்தை ஆன்போர்டு கிரெடிட்டா தருவோம்ங்கறது அவங்களோட பெஸ்ட் ப்ரைஸ் கேரண்டி. 100 டாலர் குறைஞ்சா 110 டாலர் கிரெடிட். ரெண்டு நாள்தான், அதனால புக் பண்ண மறுநாள் ஒரு தடவை செக் பண்றதுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. கார்னிவல் கம்பெனியோட ஏர்லி சேவர்ங்கற, முன்கூட்டியே புக் பண்றவங்களுக்கான கட்டணமும் இதுக்குப் பேர் போனது. முழுப் பணம் கட்டின பிறகு விலை குறைஞ்சாலும் ஃபார்ம் போட்டு வித்தியாசத்தை கிரெடிட்டா வாங்கின குடும்பங்கள் நம்ம ஆளுங்கள்லயே நிறைய. ஆனா இந்தத் திட்டங்கள் அடிக்கடி மாறும். நீங்க புக் பண்ற அன்னிக்கு உங்க கட்டணத்துக்கு என்ன விதின்னு கன்ஃபர்மேஷன்ல படிச்சுக்கங்க.

சரி, விலை குறைஞ்சிருக்குன்னு எப்படி உறுதி பண்றது? இங்கதான் நிறைய பேர் தடுக்கி விழறாங்க.

நம்ம ரூம் பால்கனின்னு வச்சுக்குவோம். பால்கனின்னா எல்லாம் ஒண்ணு கிடையாது. ராயல்ல பாத்தீங்கன்னா 1டி, 2டி, 4டின்னு கோட் இருக்கும். ரூம் உள்ள பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது, கப்பல்ல எந்த இடத்துல இருக்குங்கறதுதான் மாறும். நீங்க 2டி வாங்கியிருக்கீங்க, இப்ப குறைஞ்சிருக்கறது 4டி. போன் பண்ணா "உங்க கேட்டகரி குறையலீங்க"ன்னு சொல்லி வச்சுடுவாங்க. அதே மாதிரி, ரூம் நம்பர் நாங்களே ஒதுக்குவோம்னு விக்கற கேரண்டி ரூம் எப்பவுமே கொஞ்சம் மலிவு. அதையும் உங்க நம்பர் போட்ட ரூமையும் ஒப்பிடக்கூடாது. ஆள் எண்ணிக்கை, குழந்தைங்க வயசு, எந்த ஸ்டேட், 55 வயசுக்கு மேல யாராவது உண்டா, டெபாசிட் ரீஃபண்டபிளா நான்-ரீஃபண்டபிளா, எல்லாத்தையும் அப்படியே போட்டு, பணம் கட்டற பக்கம் வரைக்கும் போங்க. அங்க வர்ற மொத்தத் தொகைதான் கணக்கு.

வரி, துறைமுகக் கட்டணம் பத்தி ஒரு வார்த்தை. கட்டணத்தை மறைக்காம மொத்த விலையைக் காட்டணும்னு 2024 ஜூலையில கலிஃபோர்னியா சட்டம் வந்த பிறகு, பெரிய கம்பெனிகள் வரியெல்லாம் சேர்த்த விலையையே முதல் பக்கத்துல காட்ட ஆரம்பிச்சாங்க. அதனால வரி இல்லாம எழுதி வச்ச விலையையும் வரியோட காட்டற விலையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குழம்பாதீங்க. வரி சேர்ந்த தொகையை வரி சேர்ந்த தொகையோட, வரி சேராததை வரி சேராததோட மட்டும் ஒப்பிடுங்க.

இப்ப ரொம்ப முக்கியமானது. ஒரு கணக்குக்கு வச்சுக்குவோம். கால்வெஸ்டன்ல இருந்து 7 ராத்திரி, கோசுமெல், ரோவாட்டான் பக்கம். ரெண்டு பேருக்கு 2,800 டாலர்னு புக் பண்ணீங்க, அந்த ஆஃபர்ல 200 டாலர் கிரெடிட் சேர்ந்து வந்துச்சு. இப்ப விலை 2,450. பாத்தா 350 லாபம். ஆனா இப்ப ஓடற ஆஃபர்ல கிரெடிட் 50 டாலர்தான். ரீப்ரைஸ் பண்ணா பழைய ஆஃபர் போயி புது ஆஃபர் ஒட்டிக்கும். அப்ப கிரெடிட்ல 150 போச்சு, நிஜ லாபம் 200. அதுவும் நல்ல லாபம்தான், வாங்கிக்கங்க. ஆனா "மூணாவது நாலாவது ஆளுக்கு ஃப்ரீ"ங்கற ஆஃபர்ல பிள்ளைங்களோட புக் பண்ணியிருந்தீங்கன்னா, அது கழண்டா விலை குறைஞ்ச மாதிரி தெரிஞ்சு மொத்தத்துல ஏறிடும். அதனால போன்ல மாத்தறதுக்கு முன்னாடி, "புது இன்வாய்ஸ்ல மொத்தம் எவ்ளோ, கிரெடிட் எவ்ளோ, எனக்கு இப்ப இருக்கறதுல எதெல்லாம் போகும்?"னு கேட்டு, பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு அப்புறமா சரின்னு சொல்லுங்க. மாத்தின பிறகு பழைய விலைக்குத் திரும்பப் போக முடியாது.

அப்புறம், புது ஆஃபர்ல ட்ரிங்க் பேக்கேஜ் சேருதுன்னு சொன்னா அசந்துடாதீங்க. குடிக்கற பழக்கமே இல்லாத வீட்டுக்கு அதோட மதிப்பு பூஜ்யம். அதுக்கும் தினப்படி டிப்ஸ் தனியா வாங்கற கம்பெனி உண்டு.

யாரைக் கூப்பிடறது? நேரா கம்பெனியில புக் பண்ணீங்கன்னா கம்பெனிக்கு. ஏஜென்ட் மூலமா புக் பண்ணா ஏஜென்டுக்கு மட்டும்தான். கம்பெனிக்கு எத்தனை தடவை போட்டாலும் "உங்க ஏஜென்ட் கிட்ட பேசுங்க"ன்னுதான் வரும். நல்ல ஏஜென்ட் அரை மணி நேரத்துல முடிச்சுக் குடுப்பாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு ஏஜென்சியில "பாக்கறோம் மேடம், பாக்கறோம் மேடம்"னு சொல்லியே ஃபைனல் பேமென்ட் தேதியைத் தாண்ட விட்டுட்டாங்க. குறைஞ்ச விலை கண்ணு முன்னாடி இருந்தும் கைக்கு வரல. எனக்கே கோபம் வந்துச்சு. அதனால வாயால சொன்னதோட நிக்காம, விலை தெரியற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி, நேரம், கேட்டகரி கோட் போட்டு மெயில் அனுப்புங்க. அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் வரலன்னா போன் போடுங்க. விலை மறுநாள் காலையில ஏறிடலாம், ஏறிடுச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது.

சரி, தேதி தாண்டிடுச்சு, முழுப் பணமும் கட்டியாச்சு, இப்ப குறைஞ்சிருக்கு. இப்ப அவங்க குடுக்கணும்னு பெரும்பாலும் கட்டாயம் இல்ல. ஆனாலும் கேளுங்க. மரியாதையா, ரெண்டு வழி வச்சுக் கேளுங்க: ஒண்ணு, வித்தியாசத்தை ஆன்போர்டு கிரெடிட்டா போட முடியுமா? ரெண்டு, நான் கட்டின பணத்துக்கே இப்ப மேல் கேட்டகரி ரூம் வருதே, அதுக்கு மாத்த முடியுமா? ரெண்டாவதுக்கு ஒத்துக்கறவங்க நிறைய. உள் ரூம்ல இருந்து கடல் பாக்கற ரூமுக்கு, பால்கனிக்கு. அப்பா அம்மாவை ஊர்ல இருந்து வரவழைச்சு கூட்டிட்டுப் போறீங்கன்னா, கிரெடிட்டை விட பால்கனி மேல். பகல்ல தூங்கி எழுந்து ரூம்லயே உக்காந்து கடலைப் பாக்கற சந்தோஷம் அவங்களுக்கு வேற எதுலயும் வராது. ஆனா மாத்தறதுக்கு முன்னாடி உங்க ரூமுக்குப் பக்கத்துலயே கிடைக்குதான்னு பாத்துக்கங்க. வயசானவங்களை நாலு மாடி தள்ளிப் போட்டுட்டா கஷ்டம்.

அப்பா அம்மா பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். அவங்க விசா இன்னும் கைக்கு வரலன்னா, 50 டாலர் மிச்சம்னு நான்-ரீஃபண்டபிள் டெபாசிட் பக்கம் போகவே போகாதீங்க. அலாஸ்கா க்ரூஸ் சியாட்டில்ல ஏறினாலும் வழியில கனடாவுல நிக்கும். இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா மட்டும் இருந்தா பத்தாது, கனடா விசாவும் வேணும்.

இப்ப கிரெடிட் கையில வந்துடுச்சு. அதுல ரெண்டு வகை. ரீஃபண்டபிள்னா செலவாகாதது கடைசியில பணமா திரும்பும். நான்-ரீஃபண்டபிள்னா கடைசி ராத்திரியோட காலி. விலை குறைஞ்சதுக்குக் குடுக்கறது பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை. ரூமுக்கு இவ்ளோன்னுதான் வரும், ஆளுக்கு இவ்ளோன்னு நினைச்சுக்காதீங்க. பல கப்பல்ல முதல் ஆள் பேருலயே மொத்தமும் ஏறியிருக்கும்.

எதுக்கு செலவு பண்றது? எப்படியும் கட்டியே ஆக வேண்டியதுக்கு முதல்ல. தினப்படி டிப்ஸ் இருக்கே, ஆளுக்கு நாளைக்கு 16ல இருந்து 20 டாலர் பக்கம், அதை கிரெடிட்ல கழிக்க பெரும்பாலான கப்பல்ல விடுவாங்க. 18.50னு போட்டா ரெண்டு பேருக்கு 7 நாளைக்கு 259 டாலர். நம்ம கணக்குல பாத்த 350 டாலர் விலை வித்தியாசம் கிரெடிட்டா வந்திருந்தா டிப்ஸ் போக 91 டாலர் மிச்சம். அதனால கிரெடிட் வரும்னு தெரிஞ்சா டிப்ஸை முன்கூட்டியே கார்டுல கட்டாதீங்க. கப்பல்ல ஏறின பிறகு தானா அக்கவுண்ட்ல ஏறும், கிரெடிட்ல தானா கழியும்.

மிச்சத்துக்கு ஸ்டீக் ஹவுஸ் போங்கன்னு எல்லா வீடியோவுலயும் சொல்லுவாங்க. சைவம் சாப்பிடற வீட்டுக்கு அது எதுக்கு? மெயின் டைனிங் ரூம்ல ஹெட் வெயிட்டர் கிட்ட முதல் ராத்திரியே சொல்லி வச்சா, மறுநாள்ல இருந்து பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறுன்னு இந்தியன் சைவம் பண்ணித் தர்ற கப்பல் நிறைய இருக்கு, அதுக்குத் தனிக் காசு கிடையாது. கிரெடிட்டை எக்ஸ்கர்ஷனுக்கு வைங்க, இல்ல குடும்பமா எடுத்த ஒரு நல்ல போட்டோவுக்கு வைங்க. வைஃபை வேணும்னா கப்பல் ஏறறதுக்கு முன்னாடி வெப்சைட்லயே வாங்கினாதான் மலிவு. அதுலயும் விலை இறங்கினா பழசை கேன்சல் பண்ணிட்டு புதுசா வாங்கிக்கலாம், அதுக்கு யாரையும் கேக்கக்கூட வேணாம்.

கடைசி ராத்திரிக்கு முந்தின நாள் ஆப்ல அக்கவுண்டைத் திறந்து மிச்சம் எவ்ளோன்னு பாத்துடுங்க. கடைசி ராத்திரி கெஸ்ட் சர்வீஸ் முன்னாடி நிக்கற வரிசை வளைஞ்சு வளைஞ்சு போகும். அதுல நின்னு கேக்கறதை விட முந்தின நாள் காலையில போனா அஞ்சு நிமிஷம். கிரெடிட் ஏறாம விட்டிருந்தா, புது இன்வாய்ஸோட பிரின்ட் கையில இருந்தா அங்கேயே போட்டுக் குடுத்துடுவாங்க. இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு கேட்டா வேலைக்கு ஆகாது. பிரின்ட்டை ஹேண்ட் பேக்ல வைங்க, பெட்டிக்குள்ள வேணாம்.

அடுத்த வீடியோல ஃபைனல் பேமென்ட் பண்றதுக்கு முன்னாடி இன்வாய்ஸை எப்படி வரிக்கு வரி படிக்கறதுன்னு ஸ்கிரீன்ல போட்டுக் காட்டறேன். வரட்டுமா மக்களே.