முழுப் பூசணிக்காயும் ஒரு தந்தியும்

தலைவர் அவர்களே, இந்த வாசகர் வட்டத்தை இத்தனை வருடமாகக் கட்டிக் காக்கும் நூலகர் அம்மா அவர்களே, உடம்பு முடியாத நிலையிலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் போட்ட தம்பி உட்பட எல்லோருக்கும் வணக்கம்.

ஹென்றி மார்கெந்தாவ் என்கிற அமெரிக்கத் தூதர் துருக்கியில் பார்த்த வேலையைச் சொல்ல வந்தேன். 1856-ல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக நியூயார்க் வந்து வக்கீலானவர். 1912 தேர்தலில் உட்ரோ வில்சனுக்கு நிதி திரட்டினார், அடுத்த வருடமே கான்ஸ்டான்டிநோபிளுக்கு, அதாவது இன்றைய இஸ்தான்புல்லுக்கு, தூதராகப் போனார்.

1915-ல் அன்று துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு, அங்கே வாழ்ந்த கிறிஸ்தவச் சிறுபான்மையினரான ஆர்மீனியர்களை ஊர் ஊராகக் கிளப்பிச் சிரியப் பாலைவனத்துக்குத் துரத்தியது, வழியெல்லாம் கொன்றது. ஹார்புட்டிலிருந்து லெஸ்லி டேவிஸ், அலெப்போவிலிருந்து ஜெஸ்ஸி ஜாக்சன் என்று அமெரிக்கக் கான்சல்கள் நிலவரத்தை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஒட்டோமான் அரசோ, கலகத்தைத்தான் அடக்குகிறோம் என்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? ஜூலை 16-ம் தேதி வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார் மார்கெந்தாவ்: நடப்பது ஓர் இனத்தையே ஒழிக்கும் வேலை.

அவரே எழுதி வைத்த ஒரு சம்பவம் இருக்கிறது, கேளுங்கள். உள்துறை அமைச்சர் தலாத் பாஷா அவரிடம் ஒருநாள் ஓர் உதவி கேட்டார். என்ன உதவி? அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிகளில் பாலிசி எடுத்த ஆர்மீனியர்களின் பட்டியல் வேண்டுமாம். ஏன் என்றால், அவர்கள் அநேகமாக எல்லோரும் செத்துவிட்டார்கள், வாரிசும் இல்லை, ஆகவே பணம் அரசுக்குத்தான் சேர வேண்டுமாம்! கொன்றவர்களே செத்தவனின் இன்சூரன்ஸையும் கேட்கிறார்கள். அந்தப் பட்டியல் என்னிடமிருந்து கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லிக் கோபத்தோடு எழுந்து வந்துவிட்டார். அந்தச் சோற்றிலிருந்து பூசணிக்காயை வெளியே எடுத்துக் காட்டியது தலாத்தின் வாய்தான், ஆனால் இவர் எழுதி வைத்ததால்தானே இன்று நமக்குத் தெரிகிறது?

அமெரிக்கா அப்போது முதல் உலகப் போரில் நடுநிலை. அவரால் கொலைகளை நிறுத்த முடியவில்லை, 1916-ல் அங்கிருந்து கிளம்பிவிட்டார். ஆனால் அவர் கேட்டுக்கொண்டதால் நியூயார்க்கில் நிவாரணக் குழு ஒன்று உருவாகி, கோடிக்கணக்கில் டாலர் திரட்டி அனாதைக் குழந்தைகளைக் காப்பாற்றியது. அந்த இனப்படுகொலையை இன்றும் மறுப்பவர்கள் முன்னால் அந்தத் தந்தியைத்தான் எடுத்து வைக்கிறார்கள்.

1923-ல் கிரேக்க அகதிகளுக்கு உதவ அவர் ஏதென்ஸ் போனதை இன்னொரு நாள் பேசுவோம். நான் ஊர் ஊராகக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் கண்ட பஞ்சத்தை, கலவரத்தை, வெள்ளத்தை, தேதியோடும் பெயரோடும் எழுதி வாங்குங்கள். வரும் ஞாயிறு காலை இதே அறையைத் தருவதாக நூலகர் அம்மா சொல்லியிருக்கிறார். தாத்தா பாட்டியைக் கூட்டி வாருங்கள், எழுத வராதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன்.