தன்னைக் கவனிக்கப் பழக்குவது தியானமே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம். ‘விழிப்புணர்வோடு வாழத் துணை நிற்பது தியானமா, அன்றாடக் கடமையா?’ என்னும் தலைப்பில், தியானமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரு பேருந்து ஓட்டுநரை எடுத்துக்காட்டி, நெரிசலான சாலையில் ஐம்பது பேரைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் அவர் எந்தத் தியான வகுப்புக்குப் போனார் என்று கேட்டார். அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன், ஏனெனில் அந்த ஓட்டுநரின் கவனம் வணங்கத்தக்கது.

ஆனால் அந்தக் கவனம் வெளிநோக்கியது என்பதை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும். குறுக்கே புகும் ஆட்டோவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கண்டுகொள்கிற அவர், அந்த ஆட்டோக்காரர் மேல் தமக்குள் மூளும் சினத்தை, அது வசைச்சொல்லாக வாயைவிட்டு வந்த பிறகுதானே காண்கிறார்? அவரைக் குறை சொல்லவில்லை, நம் எல்லாருடைய நிலையும் அதுதான். கடமையில் இருக்கும்போது மனம் கடமையிலேயே இருக்கும் என்பதும் மெய்யன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரை நாளின் பல வேளைகளில் கைப்பேசி வழியே விசாரித்தபோது, ஏறத்தாழ 47 விழுக்காட்டு நேரம் அவர்கள் மனம் செய்துகொண்டிருந்த செயலை விட்டு வேறெங்கோ இருந்தது தெரிந்தது. அலுவலக வேலையில் இருந்த நேரமும் அதில் அடக்கம். பொச்சாப்பு என்று நம் முன்னோர் பெயரிட்ட மறதி இதுதான்.

இந்த மறதியைத் தியானம் எப்படித் தீர்க்கிறது? மூச்சையும் உடலுணர்ச்சிகளையும் கவனிக்கப் பழக்கும் பௌத்தத் தியானமுறையான விபாசனாவின் பத்து நாள் பயிற்சியைச் சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு மணியடிக்கிறது. பேச்சில்லை, கைப்பேசியில்லை, புத்தகமில்லை. முதல் மூன்று நாளும் மூக்கின் வழியே வந்து போகும் மூச்சைக் கவனிப்பது ஒன்றே வேலை. நான்கு மூச்சுக்குள் மனம் நழுவி, பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு பங்காளிச் சண்டையில் போய் நிற்கும். நழுவியது தெரிந்ததும் நொந்துகொள்ளாமல் அதை மூச்சுக்கே அழைத்து வர வேண்டும். மனம் நழுவுவதைத் தோல்வி என்று எண்ணிப் பாதியில் எழுந்துவிடுகிறவர்களைப் பார்த்து நான் வருந்தியதுண்டு, ஏனென்றால் ‘நழுவிவிட்டது’ என்று தெரிகிற அந்த நொடியே விழிப்பு. ஒரு நாளில் அது நூறு முறை நிகழ்கிறது. பிறகு உடலுணர்ச்சிகளைக் கவனிக்கும் கட்டம் வருகிறது. முழங்கால் கடுக்கும், கன்னத்தில் அரிக்கும். கை தானாக எழப் பார்க்கும். எழாமல் பொறுத்துப் பார்த்தால் அரிப்பு ஏறி, நின்று, தானே தணிகிறது. தூண்டலுக்கும் செயலுக்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு என்பதைப் பயிற்சியில் அமர்ந்தவர் அங்கே முதன்முறையாகத் தம் உடலிலேயே காண்கிறார்.

‘வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு’ என்றும் எதிரணியினர் சொன்னார்கள். 9,000-க்கும் மேற்பட்டோர் நெருக்கியடித்துக் கிடந்த தில்லி திகார் சிறைக்கு 1993-இல் கிரண் பேடி பொறுப்பேற்றார்; 1994 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் விபாசனா ஆசிரியர் கோயங்கா அவர்களின் வழிகாட்டலில் பத்து நாள் மௌனமாக அமர்ந்தார்கள். பலர் ஒரு நொடிச் சினத்தின் விலையை ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்தவர்கள். அங்கே நிலையான தியான மையமே பிறகு அமைந்தது. வாழ்க்கையிலிருந்து தப்பியோடும் வழி என்பார்க்கும் விடை உண்டு: கோயங்காவின் ஆசிரியர் ஊ பா கின், பர்மிய அரசின் தலைமைக் கணக்காயராகப் பணியாற்றியவர், நம் வேதாத்திரி மகரிஷியோ கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இல்லறத்தில் இருந்துகொண்டே தவம் பழகியவர்.

நிறைவாக என் வீட்டுச் சமையலறைக்கு உங்களை அழைக்கிறேன். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஏழு வயது மகள் தோசைமாவுப் பாத்திரத்தைத் தட்டிவிட்டாள், தரையெங்கும் மாவு. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் நான் காலையில் அமரத் தொடங்கியிருந்தேன். அன்று தொண்டை சூடாவதும் பற்கள் நெரிவதும் கை எழுவதும் எனக்குத் தெரிந்தன. தெரிந்ததால் கை நின்றது. நின்றதால்தான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கண்களை இறுக மூடி, ஒரு தோளைக் காதுவரை உயர்த்திக்கொண்டு அவள் அடிக்குக் காத்திருந்தாள். நடுவர் அவர்களே, அவளுக்குச் சமைப்பது, தலை வாருவது, பள்ளிக்கு அனுப்புவது என்று என் அன்றாடக் கடமையில் ஒரு நாளும் நான் தவறியதில்லை. அந்தத் தோளை மட்டும் அதுவரை பார்த்ததில்லை. நன்றி, வணக்கம்.